எறும்பு ஏறாத பலகை

அந்த மூடி மட்டும் தொட்டியின் மேல் ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், அன்றைய மற்ற காரியங்கள் தானாக நடந்துவிடும் என்று அப்துல் அஜீஸ் நினைத்துக்கொண்டான். காலையில் கண் விழித்ததிலிருந்தே அப்படி ஒரு நினைப்பு.

மற்ற காரியங்கள் இரண்டு.

ஒன்று, மதியம் வீரையன் வருகிறார். நத்தக்குடியில் அஜீஸின் அத்தா விட்டுப்போன நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர். மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் மன்னார்குடி ரெவின்யூ கோர்ட்டில் வழக்கு. நிலத்தை விடு என்று இந்தப் பக்கம். குத்தகைப் பதிவு என் பேரில் இருக்கிறது, சட்டம் போட்ட சர்க்காரைப் போய்க் கேள் என்று அந்தப் பக்கம். நடுவில் வரப்பில் சிவப்புக் கொடி ஏறியது. போலீஸ் வேன் வந்து வாய்க்கால் கரையில் நின்றது. ஒரு போகம், அறுத்த கதிரை யார் எடுப்பது என்று தீராமல் களத்திலேயே மழை குடித்து முளைத்துப் போனது. கடைசியில் இரு தரப்பும் ஓய்ந்துபோய் ராஜிக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாதி நிலம் வீரையன் பேருக்கு, பாதி அஜீஸுக்கு. இன்று பேசி முடித்து, நாளை மன்னார்குடியில் கையெழுத்து. சம்பாக் கதிர் தலை சாய்ந்து, அரிவாளுக்குக் காத்திருந்தது.

இரண்டு, சாயங்காலம் அவன் மனைவி லத்தீஃபா வருகிறாள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து உண்டாகி, முத்துப்பேட்டைக்குத் தாய்வீடு போய், பெண் குழந்தையோடு திரும்புகிறாள்.

இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. ராஜி முடிந்தால் அஜீஸ் குவைத்துக்குத் திரும்ப வேண்டாம். பாதி நிலமும், கடைத்தெருவில் ஒரு எலெக்ட்ரிக் கடையும் போதும், பிழைத்துக்கொள்வான். ராஜி முறிந்தால் அடுத்த மாதம் விமானம். அப்புறம் மகள் அவனை போட்டோவில் பார்த்து வளர வேண்டியதுதான்.

சரி, மூடிக்கு வருவோம்.

குவைத்தில் அவன் வயரிங் வேலை பார்த்த ஒரு பெரிய வீட்டில் கூடத்தின் நடுவே மீன் தொட்டி இருந்தது. தொட்டியைவிட அதன் மேல் உட்கார்ந்திருந்த மரக்கூடுதான் அவனைக் கவர்ந்தது. வெளியே பார்த்தால் வழவழப்பான மரம். உள்ளே விளக்கு. வெளிச்சம் தண்ணீரில் மட்டும் விழும், கண்ணில் விழாது. மீன்கள் நகைக்கடை ஷோகேஸ் மாதிரி மின்னும். ஊருக்குப் போனால் லத்தீஃபாவுக்கு இப்படி ஒன்று செய்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினான். கும்பகோணத்தில் தொட்டி வாங்கினான். பொன்மீனும் கறுப்பு மோலியும் பட்டணத்திலிருந்து வந்தன. தொட்டி திறந்து கிடந்ததில், பக்கத்து வீட்டுப் பூனை விளிம்பில் உட்கார்ந்து தவம் செய்யத் தொடங்கியது. மூடி அவசரமாயிற்று.

பலகைக்கு அவன் வெளியே அலையவில்லை. கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்குப் பத்தாயம் நின்றது. குத்தகை நெல்லைக் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. வழக்கு வந்த பிறகு நெல் வருவது நின்று, வௌவால்கூட அண்டாமல் வெறுமனே நின்றது. அதைப் பிரித்தான். பர்மா தேக்கு. காலம் மெருகேற்றிய தேன் நிறம். பத்தாயம் நின்ற அதே இடத்தில் தொட்டியை நிறுத்தினான்.

வேலையை ரசித்துச் செய்தான். நான்கு பக்கமும் சட்டம் கூட்டி, கண்ணாடி விளிம்பில் பொருந்தி உட்கார உள்ளே ஒரு படி வெட்டினான். முன்பக்கம் தீனி போட ஒரு கதவு, கழற்றி மாட்டுகிற கீலோடு. பின்பக்கம் சூடு வெளியேறத் துளைகள், காற்றுக் குழாய்க்கு ஒரு வெட்டு. உள்ளே இரண்டு பல்பு, பல்புக்குப் பின்னால் தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த ஈயத்தாள். பத்தாயப் பலகையின் வெளிப்பக்கம்தான் அழகு என்பதால் அது வெளியே தெரியும்படி வைத்தான். நெல் பட்டுத் தேய்ந்த உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து உள்ளேயே திருப்பினான். வார்னிஷ்கூட வெளியே மட்டும்தான் அடித்தான். உள்ளே அடித்தால் மீனுக்கு ஆகாதாம், எங்கேயோ படித்திருந்தான்.

வேலை நடந்த நாட்களில் டீக்கடையிலிருந்து வந்த டம்ளரை அந்தப் பலகை மேலேயே வைப்பான். அவன் குடிப்பது டீ அல்ல, பாகு. அந்த வீட்டில் எறும்பில்லாத இடம் கிடையாது, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினாலும் நீந்தி வந்துவிடும். ஆனால் பலகை மேல் டீ சிந்திக் காய்ந்த வட்டத்தை ஒரு எறும்புகூடத் தொடவில்லை. தேக்கின் மகிமை என்று அவன் மெச்சிக்கொண்டான்.

மூடி உட்கார்ந்தது. இம்மியும் ஆடவில்லை. ஸ்விட்சைப் போட்டான். தண்ணீருக்குள் பொன்மீன்கள் தீப்பொறி மாதிரி திரும்பின.

மதியத்து லுஹர் தொழுகை முடிந்து மீரா உசேன் வந்தார். லத்தீஃபாவின் அண்ணன். கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். அஜீஸ் குவைத்தில் இருந்த காலமெல்லாம் இந்த வழக்குக்காகக் கோர்ட்டு வாசலில் வெயில் காய்ந்தவர் அவர்தான். அதனால் ராஜி என்ற வார்த்தையே அவருக்குக் கசந்தது. இத்தனை அலைச்சலும் பாதி நிலத்துக்குத்தானா என்று நாற்காலியில் சாய்ந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வீரையன் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபதை நெருங்கிய ஆள். அஜீஸின் அத்தா காலத்தில் வாசலுக்கு வரும்போது இடுப்புக்கு இறங்கிய துண்டு, இப்போது தோளிலேயே இருந்தது. மீரா உசேனின் பார்வை அந்தத் துண்டில் ஒரு நொடி தங்கி மீண்டது. வீரையனோ தொட்டியைப் பார்த்து அசந்துபோய் நின்றுவிட்டார்.

"பாய், இது பத்தாயம் இருந்த எடமில்ல?"

"ஆமாண்ணே. நெல்லுதான் வரல, மீனாவது இருக்கட்டுமேன்னு வச்சேன்."

வீரையன் சிரித்தார். "நெல்லு வராததுக்கு நான் ஒருத்தன்தான் காரணமா?" என்று கேட்டுவிட்டு, துண்டின் முனையை அவிழ்த்தார். பேரனுக்கு வாங்கிய பொரிப் பொட்டலம். மன்னார்குடித் தெப்பக்குளத்துப் படியில் நின்று எல்லாரும் மீனுக்குப் போடுவது போல, மூடியின் முன் கதவைத் தூக்கி ஒரு பிடி தூவினார். அவர் அளவில் அது நல்ல காரியம் தொடங்குகிற நாளில் செய்கிற மரியாதை.

பேச்சு சுருக்கமாகவே முடிந்தது. மேற்குப் பாதி யாருக்கு, வாய்க்கால் முறை எப்படி, நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது. வீரையன் காபி குடித்து, கும்பிட்டு, சைக்கிள் ஏறிப் போனார். அஜீஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அது பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வரைக்கும்தான் நீடித்தது.

முதலில் கறுப்பு மோலி ஒன்று கோணலாக நீந்தியது. பிறகு சுழன்றது. பிறகு வெறி பிடித்ததுபோல் பாய்ந்து மூடியின் உட்புறத்தில் மோதி விழுந்தது. அஜீஸ் எழுந்து ஓடுவதற்குள் மற்றவையும் தொடங்கிவிட்டன. பொன்மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் துடிக்கத் துடிக்க மிதந்தது. பதறிப்போய் மூடியைத் தூக்கித் தரையில் வைத்தான். அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, உயிர் இருந்ததை எல்லாம் கையாலேயே அள்ளி மாற்றினான். காற்றுக் குழாயையும் பிடுங்கி அதில் போட்டான். தொட்டியில் மிச்சமிருந்தவை மல்லாந்தன. அவற்றுக்கு நடுவே ஊறிப்போன இரண்டு பொரி மிதந்துகொண்டிருந்தது.

மீரா உசேன் அந்தப் பொரியைத்தான் பார்த்தார்.

"மாப்ளே, இது வயலுக்கு அடிக்கிற மருந்து. மீன் இப்படித் துள்ளித் துடிச்சுச் சாவுதுன்னா வேற எதுவுமே கெடையாது. நான் விக்கிற சரக்கு, எனக்குத் தெரியாதா?"

அஜீஸ் மூடியின் கதவைப் பார்த்தான். கதவைத் தூக்கிய கை வீரையனுடையது. மருந்து தெளிப்பான் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. மூன்று வருடப் பகை ஒரு காபியில் கரைந்துவிடுமா என்ன? அப்படி இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. இருந்தால், என்றது இன்னொன்று. அந்த இன்னொன்றுக்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மீரா உசேன் விடவில்லை. இன்றைக்கு மீன் தொட்டியில் போட்டவன் நாளைக்குக் கிணற்றில் போடமாட்டான் என்று என்ன நிச்சயம், பச்சைக் குழந்தை வருகிற வீடு என்றார். ஸ்டேஷனில் இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கையெழுத்து ஏது? மறுபடி கொடி, மறுபடி வேன், வயலில் உதிரப்போகிற நெல், அடுத்த மாத விமானம். அஜீஸ் இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தான். காலை வரை பொறுங்கள் என்று கெஞ்சினான். மீரா உசேன் செருப்பை மாட்டிக்கொண்டே, நீ பொறுத்துக்கொள், என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அஜீஸ் அண்டாவுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

சற்று நேரத்தில் வாசலில் அம்பாசடர் வந்து நின்றது. லத்தீஃபா இறங்கினாள். குழந்தையை அவன் கையில் வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தபடியே நடந்ததை அரைகுறையாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் வந்தவள், நடுவில் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"பத்தாயம் எங்கங்க?"

அவன் தரையில் கிடந்த மூடியைக் காட்டினான். வேறொரு நாளாக இருந்தால் அதைக் காட்ட நெஞ்சை நிமிர்த்தியிருப்பான். லத்தீஃபா குனிந்து அதைப் புரட்டினாள். உட்புறம் முழுக்க வியர்வை மாதிரித் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பல்புச் சூட்டில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி, பலகையில் படிந்து, சொட்டியிருக்கிறது. சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளையத் தூக்கிட்டு அந்தாண்ட போங்க. இதுல வருசா வருசம் பி.எச்.சி. பவுடர் பூசினது நான்தாங்க."

அவள் சொல்லச் சொல்ல அவனுக்குப் புரிந்தது. புது நெல் வருவதற்கு முன்னால் பத்தாயத்துக்குள் இறங்கி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வண்டு பிடிக்காமல் இருக்கப் பலகை இடுக்கெல்லாம் அந்த வெள்ளைப் பூச்சிமருந்துப் பவுடரைத் தேய்ப்பது இந்தப் பக்கத்து வீடுகளில் நடக்கிற வேலைதான். அவளுக்கு முன்னால் அவள் மாமியார் செய்தார். அஜீஸ் அந்த மாதங்களில் எல்லாம் குவைத்தில் இருந்தான், ஒரு தடவைகூட அவன் அதைப் பார்த்ததில்லை. போன வருடம்கூட நெல் வந்துவிடும் என்று நம்பி அவள் பூசி வைத்திருந்தாள். இத்தனை வருடப் பவுடரும் மரத்துக்குள் ஊறிக் கிடந்தது. ஈரத்துணிக்கா அது போகும்? காய்ந்து கிடந்தவரை வார்னிஷ் வாசத்தில் அமுங்கியிருந்த வாடை, சூடும் ஈரமும் பட்டதும் கிளம்பிவிட்டது.

டீ வட்டம் அவன் கண்முன் வந்தது. ஒரு எறும்புகூட ஏறாத பலகை. தேக்கின் மகிமையாம்.

"பவுடர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டான். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அண்ணன் கடையிலேர்ந்துதான். டப்பா டப்பாவா அனுப்பும்."

குழந்தை அவள் கைக்கு மாறியது. அஜீஸ் மூடியின் முன் கதவைக் கீலிலிருந்து கழற்றி, பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். டிரைவர் அப்போதுதான் பீடியைப் பற்ற வைத்திருந்தார். ஸ்டேஷனுக்கு விடுங்க என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

கடைத்தெரு நெரித்தது. உரமூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நடுரோட்டில் நகரமாட்டேன் என்றது. ஒரு சுவரில் உதயசூரியன், எதிர்ச் சுவரில் இரட்டை இலை, இரண்டுக்கும் நடுவில் கார் மாட்டிக்கொண்டது. இந்நேரம் மீரா உசேன் எழுதிக் கொடுத்திருப்பார். ஏட்டு முத்திரைகூடக் குத்தியிருப்பார். அஜீஸ் கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்த நேரம், பெரிய பள்ளிவாசல் மினாராவிலிருந்து மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

அவன் தலையைத் திருப்பினான்.

பள்ளிவாசல் மதிலோரம், வரிசையாக நின்ற செருப்புகளுக்குப் பக்கத்தில், சாம்பல் நிற ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

மீரா உசேனுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். மஃரிபை மட்டும் அவர் விட்டதில்லை; தொழுத பிறகுதான் ஸ்டேஷன். அதை எப்படி மறந்தேன் என்று அஜீஸ் தன்னையே கேட்டுக்கொண்டான். காரை விட்டு இறங்கினான். பலகையை ஹவுஸின் மதிலில் சாய்த்து வைத்தான். ஹவுஸ் என்பது தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற குளத்தொட்டி. அதிலும் மீன்கள் உண்டு. ஒளு செய்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றான். முன் வரிசையில் அவருடைய முதுகு தெரிந்தது. அன்றைக்குப் போல ஒரு சஜ்தாவில் அவன் நெற்றி தரையை அழுத்தியதே இல்லை.

தொழுது வெளியே வந்தவரை ஹவுஸ் படியிலேயே மறித்தான். அவன் லுங்கியை விலக்கி, வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து மோதினார் சேக் தாவூதின் குரல் கேட்டது. பாங்கு சொல்லியே கரகரத்த குரல்.

"யாருப்பா இது, பள்ளிக்குள்ள பூச்சிமருந்தைக் கொண்டாந்து வச்சது? ஹவுஸ்ல மீன் கெடக்குது, தெரியாதா?"

மீரா உசேன் திரும்பாமலே சலித்துக்கொண்டார். "என் சட்டை வாசந்தான் மோதினாரே. தெனம் சொல்றதுதான."

"உன் வாசம் எனக்குப் பழக்கம் உசேன். இது நீ இல்ல, இந்தப் பலகை. தூரமாக் கொண்டுபோகச் சொல்லு."

அஜீஸ் அதற்கு மேல் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்தாயம் என்றான். பி.எச்.சி. என்றான். லத்தீஃபா வருடா வருடம் பூசியது என்றான். மீரா உசேன் பலகையை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"எனக்கு ஒண்ணுமே வரலியே மாப்ளே."

"எப்படி வரும் மச்சான்? பொழுதெல்லாம் அந்த மூட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கிற மூக்கு."

யாரோ சிரித்தார்கள். மீரா உசேன் சிரிக்கவில்லை. பலகையை மடியில் வைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். மீன் செத்தது மருந்தால்தான் என்று அவர் சொன்னது சரி. யாருடைய மருந்து என்பதில்தான் கோளாறு. வீரையன் மேல் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்வதுபோல் சொன்னார். அஜீஸ் அவர் கையைப் பிடித்து எழுப்பினான்.

"வீட்டுக்கு வாங்க மச்சான். மருமவள இன்னும் பாக்கலியே நீங்க."

மறுநாள் காலை, மன்னார்குடிக்குப் புறப்படுகிற நேரத்துக்கு முன்னதாகவே வீரையன் வந்துவிட்டார். சைக்கிளை நிறுத்தத் தெரியாமல் நிறுத்தி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். டீக்கடையில் பேச்சு அடிபட்டிருக்கிறது. அவர் பொரி போட்டதும் பாய் வீட்டு மீன் செத்துவிட்டதாம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அந்தப் பொரிக்காரன் அதில் எதையாவது கலந்திருப்பானா, பேரனும் அதைத்தான் தின்றான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். அஜீஸ் பதில் சொல்ல எழுந்தான். அதற்குள் உள்ளேயிருந்து மீரா உசேன் வந்தார், கையில் குழந்தையோடு.

"பொரியில ஒண்ணுமில்ல வீரையா. என் கடைப் பவுடரு. பத்தாயத்துல பூசினது தொட்டியில எறங்கிடுச்சு. உள்ள வா, ஒக்காரு."

வீரையன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். தப்பிய பொன்மீன்கள் மூன்று, ஒரு மோலி, அடியில் சோர்வாக ஆனால் நேராக நீந்திக்கொண்டிருந்தன. அவர் விட்ட பெருமூச்சில் தோள் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. மீரா உசேன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் ஒரே காரில் போனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், திரும்பும் வழியில் நீடாமங்கலத்து அல்வாவைப் பற்றி வழக்கைவிடச் சூடாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அறுவடை நெல் வந்து இறங்கிய அன்றுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மூட்டையைத் தலையில் வைத்தபடி கூடத்துக்குள் வந்த வீரையன் நாலா பக்கமும் பார்த்தார்.

"எங்க பாய் கொட்டுறது?"

பத்தாயம்தான் இல்லையே. லத்தீஃபா அஜீஸைப் பார்த்த பார்வையில் மூட்டையே பற்றிக்கொள்ளும் போலிருந்தது. மூன்று வருடம் நெல்லில்லாமல் பத்தாயத்தைக் காத்தவள் அவள். நெல் வருகிற வருடம் பார்த்து அதைப் பிரித்தவன் இவன். கடைசியில் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினார்கள். அடுக்கு வளர்ந்து வளர்ந்து மீன் தொட்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டது. நடுவில் விளக்கு எரிய, பொன்மீன்கள் நெல் மூட்டைகளுக்கு நடுவே நீந்துவதுபோல் இருந்தது.

அதற்குள் புதிய மூடி தயாராகியிருந்தது. பழையதையும் மிச்சமிருந்த பத்தாயப் பலகைகளையும் பவுடரோடு ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. தொட்டியைப் பலமுறை கழுவி, பழைய மணலை எல்லாம் மாற்றியாயிற்று. இந்தத் தடவை பலகை, குவைத்திலிருந்து அவனோடு வந்த பெட்டியின் பலகை. பக்கவாட்டில் இன்னும் அவன் பேரும் ஊரும் கறுப்பு மையில் தெரிந்தன. இனி அந்தப் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்து டீ டம்ளரை மூடி மேல் வைத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூட்டைகளைச் சுற்றி இரண்டு நடை நடந்துவிட்டு வந்து பார்த்தபோது, டம்ளரின் அடி வட்டத்தைச் சுற்றிச் சாரைசாரையாக எறும்பு மொய்த்திருந்தது.

லத்தீஃபாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் துடைக்கத் துணியோடு வந்தாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன். "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."